எடைக்குறைப்பு ஊசியின் பக்கவிளைவுகள்: மெதுவாகும் வயிறு, மெதுவாக வெளியேறும் மருந்து

எடை குறைக்க வாரம் ஒருமுறை போடும் ஊசியைத் தொடங்கியவர்கள் முதல் நாள் பெரும்பாலும் எதையும் உணர்வதில்லை. இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, வழக்கமான சாப்பாட்டில் பாதி இறங்குவதற்குள் வயிறு 'போதும்' என்கிறது. அந்தப் பேச்சைக் கேட்டு எழுந்துவிட்டால் பெரும்பாலும் தொந்தரவு அத்தோடு சரி. வீணாக்க வேண்டாமே என்று மிச்சத்தையும் சாப்பிட்டால் சற்று நேரத்தில் நெஞ்சை அடைக்கும், புளித்த ஏப்பம் வரும், குமட்டும். சிலருக்கு வாந்தியில் போய் முடியும்.

ஏன் இப்படி? சாப்பாடு குடலை எட்டியதும் ஜிஎல்பி-1 என்றொரு ஹார்மோன் சுரக்கிறது. 'உணவு வந்தாயிற்று' என்று மூளைக்கும் கணையத்துக்கும் இரைப்பைக்கும் சேதி சொல்வது அதன் வேலை. தானாகச் சுரக்கும் ஹார்மோன் ஓரிரு நிமிடங்களில் சிதைந்துவிடும். ஊசியில் இருப்பதும் அதே சேதியைத்தான் சொல்கிறது, ஆனால் எளிதில் சிதையாதபடி மாற்றப்பட்டது. ஒசெம்பிக், வெகோவி என்ற பெயர்களில் வரும் செமாகுளுடைடு உடம்பில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 7 நாள் ஆகும். மௌன்ஜாரோ, செப்பவுண்ட் என்ற பெயர்களில் வரும் டிர்செபடைடுக்கு 5 நாள். அது ஜிஐபி என்ற இன்னொரு ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. சாக்செண்டா என்ற லிராகுளுடைடுக்குச் சுமார் 13 மணி நேரம்தான். அதனால்தான் அதைத் தினமும் போட வேண்டியிருக்கிறது.

ஆக, இங்கே இரண்டு மெதுவான சங்கதிகள் இருக்கின்றன. ஒன்று, இரைப்பை தன் சரக்கைக் குடலுக்குத் தள்ளுவது மெதுவாகிறது. குமட்டல், வயிறு உப்புதல், நெஞ்செரிச்சல், அழுகிய முட்டை நாற்றத்தோடு வரும் ஏப்பம் எல்லாம் பெரும்பாலும் இதன் பிள்ளைகள். மருந்து மூளைத்தண்டில் குமட்டலைக் கிளப்பும் பகுதியையும் தொடுகிறது. வெறும் வயிற்றிலும் சிலருக்குக் குமட்டுவது அதனால்தான். இரண்டாவது, மருந்து உடம்பை விட்டுப் போவதும் மெதுவாகத்தான். இன்று தொந்தரவு என்றால் நாளைக்கே சரியாகாது. பக்கவிளைவுகளைச் சமாளிப்பதில் ஏறக்குறைய எல்லா யோசனைகளும் இந்த இரண்டிலிருந்தே வருகின்றன.

டோஸ் ஏறும் கணக்கு

செமாகுளுடைடை 0.25 மி.கி.யில் தொடங்குகிறார்கள். நாலு வாரத்துக்கு ஒருமுறை 0.5, 1, 1.7 என்று ஏற்றி 2.4 மி.கி.க்குக் கொண்டுபோவது வழக்கமான அட்டவணை. டிர்செபடைடு 2.5 மி.கி.யில் தொடங்கி, குறைந்தது நாலு வாரத்துக்கு ஒருமுறை 2.5 கூட்டி, அதிகபட்சம் 15 வரை போகும். லிராகுளுடைடு தினம் 0.6 மி.கி.யில் தொடங்கி, வாரம் 0.6 கூடி 3 மி.கி.யில் நிற்கும்.

தொடக்க டோஸ் எடை குறைக்கப் போடுவதல்ல, வயிற்றைப் பழக்கப் போடுவது. "ஒரு மாசமாப் போடறேன், ஒண்ணும் குறையலையே" என்று கடுப்பாகி முதல் மாதமே டோஸை ஏற்றச் சொல்பவர்கள்தான் இரண்டாம் மாதம் வாந்தியோடு வருகிறார்கள்.

ஏன் நாலு வாரம்? ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். முதல் ஊசி 0.25 மி.கி. ஒரு வாரத்தில் அது 0.125 ஆகிறது. இரண்டாவது ஊசியோடு சேர்த்தால் 0.375. மூன்றாவதோடு சுமார் 0.44. நாலாவதோடு 0.47. கையில் இருக்கும் பேனா (மருந்து நிரப்பி வரும் பேனா வடிவ ஊசிக்கருவி) மாறவில்லை, அதில் எழுதியிருக்கும் எண்ணும் மாறவில்லை, ஆனால் உடம்பில் இருக்கும் மருந்து முதல் வாரத்தைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. முதல் இரண்டு வாரம் ஒன்றும் இல்லாமல் மூன்றாவது வாரம் திடீரென்று குமட்டினால் பேனாவிலோ மருந்திலோ கோளாறு என்று பயப்பட வேண்டியதில்லை. நாலைந்து வாரத்துக்கு அப்புறம் போவதும் வருவதும் சமமாகி அளவு நிலைக்கும். அந்த நிலை வருவதற்கு முன்பே அடுத்த படிக்குப் போவது, முந்தின படி என்ன செய்கிறது என்று பார்க்காமலே ஏறுவதாகும்.

அட்டவணை சொல்கிறது என்பதற்காக ஏற வேண்டும் என்று கட்டாயமும் இல்லை. ஏற்றுவதற்கு முன் கடந்த இரண்டு வாரத்தைத் திரும்பிப் பாருங்கள். வாந்தி இருந்ததா? தண்ணீர் ஒழுங்காக இறங்கியதா? மலம் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறையாவது சிரமமில்லாமல் போனதா? இவற்றில் ஒன்று சரியில்லை என்றாலும், அதே டோஸில் இன்னும் நாலு வாரம் இருக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஏற்றிய பிறகு தாங்கவில்லை என்றால் முந்தின படிக்கு இறங்கவும் செய்யலாம். இப்போதைய டோஸிலேயே எடை இறங்கிக்கொண்டிருந்தால் அவசரமாக ஏற்றுவதில் லாபம் ஒன்றும் இல்லை.

எத்தனை பேருக்கு வருகிறது? 2021-இல் வெளியான செமாகுளுடைடு ஆய்வு ஒன்றில் 1,961 பேர் இருந்தார்கள். 2.4 மி.கி. போட்டவர்களில் 44 சதவீதம் பேருக்கு எப்போதாவது குமட்டல் வந்தது. மருந்தில்லாத ஊசி போட்டவர்களிலும் 17 சதவீதம் பேர் குமட்டியதாகச் சொன்னார்கள். வயிற்றுப்போக்கு சுமார் 32, வாந்தி 25, மலச்சிக்கல் 23 சதவீதம். இவ்வளவுக்கும் வயிற்றுத் தொந்தரவால் ஊசியையே விட்டவர்கள் 4.5 சதவீதம்தான். பெரும்பாலான தொந்தரவுகள் டோஸ் ஏறும் வாரங்களில் வந்து தானே அடங்குகின்றன.

தட்டில் செய்ய வேண்டிய மாற்றம்

வயிற்றின் கதவு மெதுவாகத் திறக்கிறது என்றால் உள்ளே அனுப்புவதைக் குறைக்க வேண்டும். மூன்று பெரிய வேளைக்குப் பதில் நாலைந்து சின்ன வேளை. தட்டையே சின்னதாக மாற்றிவிடுவது மனக்கட்டுப்பாட்டை நம்புவதைவிட நல்லது. ஒரு வேளைக்கு 20 நிமிடமாவது எடுத்துக்கொள்ளுங்கள். வயிறு நிறைந்த உணர்வு மேலே ஏறிவர நேரம் ஆகும். வேகமாகச் சாப்பிடுபவருக்கு அந்த உணர்வு வரும்போது நாலு வாய் கூடுதலாகப் போயிருக்கும். அந்த நாலு வாய்தான் தொந்தரவு.

கொழுப்பு இரைப்பையை இன்னும் மெதுவாக்கும். மருந்து ஏற்கெனவே மெதுவாக்கிய வயிற்றில் எண்ணெயில் பொரித்ததைப் போட்டால் அது பல மணி நேரம் அங்கேயே கிடக்கும். நாற்ற ஏப்பம் பெரும்பாலும் இப்படிப்பட்ட சாப்பாட்டுக்கு அப்புறம்தான் வரும். காற்றடைத்த பானங்கள் உப்புசத்தைக் கூட்டும். மது இரைப்பையை எரிச்சலாக்குவதோடு நீரையும் இழுத்துவிடும். தண்ணீரைச் சாப்பாட்டோடு மடக் மடக்கென்று குடிக்காமல் இடைவேளைகளில் குடித்தால் இருக்கிற இடம் சாப்பாட்டுக்கு மிஞ்சும்.

சாப்பிட்டதும் படுக்க வேண்டாம். இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே 3 மணி நேரம் இருக்கட்டும். நெஞ்செரிச்சல் இருப்பவர்கள் கட்டிலின் தலைமாட்டை 15 செ.மீ. உயர்த்தலாம். தலையணைகளை அடுக்குவது கழுத்தைத்தான் மடக்கும், வயிற்றுப் புளிப்பைத் தடுக்காது.

பசியே இல்லை என்று நாள் முழுக்கப் பட்டினி கிடப்பதும் தவறு. வெறும் வயிறும் குமட்டலைக் கூட்டும். மருந்து பசியை மட்டும் எடுக்காமல் தாகத்தையும் சிலருக்கு மழுக்கிவிடும். அதனால் தாகம் எடுக்கட்டும் என்று காத்திராமல் பக்கத்தில் ஒரு பாட்டிலை வைத்து மணிக்கு ஒருமுறை சில மிடறு குடிப்பது நல்லது.

ஊசி போடும் நாளையும் யோசித்துத் தேர்ந்தெடுக்கலாம். செமாகுளுடைடு இரத்தத்தில் உச்சத்துக்கு ஏறுவது 1 முதல் 3 நாளுக்குள். பலருக்குத் தொந்தரவும் அந்த நாட்களில்தான். வார இறுதியில் வெளியே சாப்பிடும் பழக்கம் உள்ளவர் வியாழன் இரவு ஊசி போட்டால் இரண்டும் மோதும். ஞாயிறு இரவு போட்டால் வார இறுதி வருவதற்குள் உச்சம் இறங்கியிருக்கும். நாளை மாற்றும்போது இரண்டு ஊசிகளுக்கு நடுவே செமாகுளுடைடு என்றால் குறைந்தது 48 மணி நேரமும் டிர்செபடைடு என்றால் 72 மணி நேரமும் இருக்க வேண்டும்.

வயிற்றுக்குப் பதில் தொடையில் போட்டால் குமட்டாது என்று ஒரு பேச்சு இருக்கிறது. எங்கே போட்டாலும் இரத்தத்தில் சேரும் மருந்து ஏறக்குறைய ஒரே அளவுதான். தொடையில் போடுவதால் கெடுதல் இல்லை, பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம், அவ்வளவுதான்.

குமட்டலுக்கு டாக்டர் ஆண்டன்செட்ரான் மாத்திரை எழுதித் தரலாம். அது மலச்சிக்கலைக் கூட்டும் மாத்திரை என்பதை நினைவில் வையுங்கள். ஏற்கெனவே மலச்சிக்கல் இருப்பவர் அதைத் தினமும் போட்டால் ஒரு பள்ளத்திலிருந்து ஏறி இன்னொன்றில் விழுந்த கதைதான். குமட்டல் மாத்திரை இல்லாமல் நாளை ஓட்ட முடியவில்லை என்றால் டோஸ் அதிகம் என்று பொருள்.

வாந்தி வந்துவிட்டால்

வாந்தியைவிட அதோடு போகும் நீரும் உப்பும்தான் ஆபத்து. உடம்பில் நீர் வற்றினால் சிறுநீரகத்துக்கு இரத்த ஓட்டம் குறைந்து அது திடீரென்று பழுதாகலாம். இந்த மருந்துகளின் எச்சரிக்கைக் குறிப்புகளில் இதுவும் இருக்கிறது.

வாந்தி எடுத்ததும் தொண்டை வறண்டு ஒரு டம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்கத் தோன்றும். குடித்தால் அதுவும் வெளியே வரும். அரை மணி நேரம் வயிற்றுக்கு ஓய்வு கொடுங்கள். பிறகு ஓ.ஆர்.எஸ். கரைசலை ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மி.லி., இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை. கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் மணிக்கு 150 மி.லி. உள்ளே போய்விடும், வயிற்றுக்கும் தெரியாது. தங்கினால் அளவைக் கூட்டலாம். பொட்டலம் கிடைக்காவிட்டால் 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக்கொள்ளலாம். உப்பைக் கண்ணளவில் கூட்டிப் போடுவது ஆபத்து. இதய நோயோ சிறுநீரக நோயோ இருந்து, நீரின் அளவைக் கட்டுப்படுத்தச் சொல்லியிருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் குடிக்க வேண்டும்.

24 மணி நேரத்துக்கு எதுவும் தங்கவில்லை, 8 மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது என்றால் வீட்டு வைத்தியம் முடிந்தது. ஆஸ்பத்திரியில் ஊசி வழியே நீர் ஏற்ற வேண்டும்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. இரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகள், நீர் பிரிய வைக்கும் மாத்திரைகள், இபுபுரூஃபென் போன்ற வலி மாத்திரைகள் ஆகியவை உடம்பு வற்றியிருக்கும்போது சிறுநீரகத்தை மேலும் நெருக்கும். மெட்ஃபார்மின், டாபாகிளிஃபுளோசின் போன்ற சர்க்கரை நோய் மாத்திரைகளையும் வாந்தி நிற்கும்வரை நிறுத்தி வைக்கச் சொல்வது வழக்கம். எதை நிறுத்துவது, எதை நிறுத்தக் கூடாது என்பதை வாந்தி எடுக்கும் ராத்திரியில் யோசிக்க முடியாது. ஊசியைத் தொடங்கும் அன்றே டாக்டரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாந்தி ஓயாமல் அடுத்த வார ஊசியைப் போடவும் வேண்டாம்.

மலச்சிக்கலும் வயிற்றுப்போக்கும்

குமட்டல் பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கும், மலச்சிக்கல் அப்படிச் சொல்லிவைத்தாற்போல் அடங்காது. குடல் மெதுவாக நகர்கிறது, சாப்பாடு குறைந்ததால் உள்ளே தள்ளுவதற்குச் சரக்கும் இல்லை, நீரும் போதவில்லை. உடனே எல்லோரும் செய்வது நார்ச்சத்துப் பொடியை அள்ளிப் போடுவது. தண்ணீர் குடிக்காமல் நாரை மட்டும் கூட்டினால் அது குடலில் களிமண் மாதிரி இறுகும். முதலில் தண்ணீர், பிறகு தினமும் நடை, அதன் பிறகு நாரைச் சிறிது சிறிதாக 2, 3 வாரத்தில் நாளைக்கு 25 கிராம் அளவுக்கு.

அப்படியும் போகவில்லை என்றால் பாலிஎத்திலீன் கிளைகால் பொடி நல்ல தேர்வு. பெரியவர்களுக்கு வழக்கமான அளவு நாளைக்கு 17 கிராம், ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து. அது நீரைக் குடலிலேயே பிடித்து வைத்து மலத்தை இளக்கும். வேலை செய்ய ஒன்றிலிருந்து மூன்று நாள் ஆகும், அன்றைக்கே போக வேண்டும் என்று இரண்டு மூன்று மடங்கு குடிக்காதீர்கள். மலமும் போகாமல் காற்றும் பிரியாமல் வயிறு வீங்கி வாந்தியும் வந்தால் அது மலச்சிக்கல் இல்லை, குடல் அடைப்பாக இருக்கலாம். மலமிளக்கி எதையும் குடிக்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

வயிற்றுப்போக்குக்கு மேலே சொன்ன ஓ.ஆர்.எஸ்.தான் மருந்து. சர்க்கரைக்குப் பதில் சேர்க்கும் சார்பிட்டால், சைலிட்டால் போன்ற இனிப்பான்கள் கலந்த மிட்டாய், 'சர்க்கரை இல்லாத' பண்டங்களே காரணமாக இருக்கலாம்; ஒரு வாரம் விட்டுப் பாருங்கள். காய்ச்சலோ மலத்தில் இரத்தமோ இருந்தால் போக்கை நிறுத்தும் மாத்திரை போடக் கூடாது.

ஊசி போடும் கையும் அளவு தவறும் இடமும்

வயிறு, தொடை, மேல்கையின் பின்பக்கம் என்று மூன்று இடங்கள். தொப்புளைச் சுற்றி 5 செ.மீ. விட்டுவிடுங்கள். வாரா வாரம் இடத்தை மாற்றுங்கள். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்ததும் போட்டால் எரியும். அரை மணி நேரம் வெளியே வைத்தால் எரிச்சல் குறையும். மருந்து இறங்கி முடிவதற்குள் பேனாவை எடுத்துவிட்டால் தோலில் சொட்டு வழியும், டோஸ் குறையும். ஒசெம்பிக் போன்ற பேனாவில் எண் 0-க்கு வந்த பிறகும் ஆறு எண்ணும்வரை ஊசியை உள்ளேயே வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் புது ஊசிமுனை. போட்ட இடத்தைத் தேய்க்க வேண்டாம். சின்னதாகச் சிவந்து அரித்தால் ஓரிரு நாளில் போய்விடும். திறக்காத மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். உறைந்துபோனதை உருக வைத்துப் போடக் கூடாது, தூக்கி எறிய வேண்டியதுதான்.

பேனாவில் அளவு தவறுவது அரிது. குப்பியிலிருந்து சிரிஞ்சில் எடுப்பவர்களுக்குத்தான் பெரிய விபத்து காத்திருக்கிறது. மருந்தை டாக்டர் மி.கி.யில் எழுதுகிறார், இன்சுலின் சிரிஞ்சில் இருப்பதோ யூனிட் கோடுகள். 100 யூனிட் என்பது 1 மி.லி. குப்பியில் 1 மி.லி.க்கு 5 மி.கி. மருந்து இருந்தால் 0.25 மி.கி. என்பது 0.05 மி.லி., அதாவது வெறும் 5 யூனிட். '0.25' என்று படித்துவிட்டு 25-ஆம் கோடு வரை இழுத்தால் 1.25 மி.கி. உள்ளே போகும், ஐந்து மடங்கு. இன்னொரு பொறி: முந்தின குப்பி 1 மி.லி.க்கு 2.5 மி.கி., அதில் 10 யூனிட் எடுத்துப் பழக்கம். புதுக் குப்பி 5 மி.கி. வலுவில் வருகிறது. கை பழக்கத்தில் 10 யூனிட்டே எடுத்தால் டோஸ் இரட்டிப்பு. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024-இல் எச்சரித்தது இப்படிப்பட்ட தவறுகளைப் பற்றித்தான். 5 முதல் 20 மடங்கு வரை கூடுதலாகப் போட்டுக்கொண்டவர்கள் இருந்தார்கள். ஒவ்வொரு குப்பி மாறும்போதும் அதன் மேல் எழுதிய வலுவைப் படித்து, எத்தனை யூனிட் என்பதை மருந்து தருபவரிடமே எழுதி வாங்குங்கள். கூடுதலாகப் போட்டுவிட்டால் வாந்தி வரட்டும் என்று காத்திராதீர்கள். மருந்தை வெளியே எடுக்க வழி கிடையாது, ஒரு வாரத்துக்கு மேல் கண்காணிப்பு தேவைப்படலாம்.

ஒரு வாரம் மறந்துபோனால்? செமாகுளுடைடில், அடுத்த ஊசிக்கு 48 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் நினைவு வந்ததும் போடலாம். ஞாயிறு போட வேண்டியது வியாழன் நினைவுக்கு வந்தால் போட்டுவிடலாம். சனிக்கிழமை நினைவுக்கு வந்தால் விட்டுவிட்டு ஞாயிறு வழக்கம்போல். டிர்செபடைடில் மறந்த நாளிலிருந்து 4 நாள் வரைதான். மறந்த ஊசியையும் அடுத்த ஊசியையும் சேர்த்துப் போடுவது எப்போதும் கூடாது. இரண்டு வாரமோ அதற்கு மேலோ விட்டுப்போயிருந்தால் பழைய டோஸில் நேராக இறங்காமல் டாக்டரிடம் கேளுங்கள். வயிறு பழக்கத்தை மறந்திருக்கும், கீழ்ப்படியிலிருந்து மறுபடி ஏற வேண்டியிருக்கலாம்.

பொறுத்துப் பார்க்கக் கூடாத அறிகுறிகள்

மேல்வயிற்றில் கடுமையான வலி, விடாமல், முதுகுக்கும் பாய்கிறது என்றால் கணைய அழற்சி என்று சந்தேகிக்க வேண்டும். அரிதுதான், ஆனால் உயிருக்கு ஆபத்து. அடுத்த ஊசியை நிறுத்திவிட்டு அன்றே ஆஸ்பத்திரி. வழக்கமான தொந்தரவிலிருந்து இதைப் பிரித்தறிய ஒரு வழி: டோஸ் கூடியதால் வரும் வலி பிடித்து பிடித்து விடும், ஏப்பம் விட்டாலோ வாந்தி எடுத்தாலோ சற்றுத் தணியும். கணைய வலி வாந்தி எடுத்தாலும் தணியாது.

வலது விலாவின் கீழே வலி, குறிப்பாகக் கொழுப்பான சாப்பாட்டுக்குப் பின், கூடவே காய்ச்சல் அல்லது கண் மஞ்சளானால் பித்தப்பை. எடை வேகமாகக் குறையும்போது பித்தநீரில் கொலஸ்ட்ரால் கூடிக் கல் படிகிறது. வாரத்துக்கு 1.5 கிலோவுக்கு மேல் இறங்கினால் இந்த ஆபத்து கூடும். எடைத்தராசில் எண் சரசரவென்று இறங்குவதைப் பார்த்து மகிழும் வாரங்களில் இதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஒரு கண்ணில் திடீரென்று பார்வை மங்கினால் அன்றே கண் மருத்துவர். பார்வை நரம்புக்கு இரத்த ஓட்டம் தடைபடும் ஒரு கோளாறு செமாகுளுடைடோடு மிக அரிதாக வரலாம் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2025-இல் முடிவு செய்தது. ஏற்கெனவே சர்க்கரையால் விழித்திரை பாதித்தவர்கள் தொடங்கும் முன்பே கண் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். சர்க்கரை சட்டென்று இறங்குவதே அந்த விழித்திரைப் பாதிப்பைத் தற்காலிகமாக மோசமாக்கலாம்.

இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளோ எடுப்பவர்களுக்குத் தாழ்சர்க்கரை வரலாம். எடைக்குறைப்பு ஊசி தனியாக அதை உண்டாக்குவது அரிது. கூட்டுச் சேர்க்கைதான் பிரச்சினை. ஊசியைத் தொடங்கும்போதே அந்த மருந்துகளின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, சர்க்கரை 70-க்குக் கீழ் என்றால் 15 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடித்து 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். முகம், நாக்கு வீக்கம், மூச்சுத் திணறல் வந்தால் ஆம்புலன்ஸ்.

மெடுல்லரி தைராய்டு புற்றுநோய் தனக்கோ குடும்பத்திலோ இருந்தவர்கள், எம்இஎன்-2 என்ற பரம்பரை நோய் உள்ளவர்கள் இந்த ஊசிகளையே தொடக் கூடாது. எலிகளில் தைராய்டுக் கட்டிகள் வந்ததுதான் அந்தத் தடைக்குக் காரணம். கணைய அழற்சி முன்பு வந்தவர்களும், இரைப்பை ஏற்கெனவே மெதுவாக இயங்குபவர்களும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

தசையும் முடியும்

குறையும் எடையெல்லாம் கொழுப்பு அல்ல. கணிசமான பங்கு தசையிலிருந்து போகிறது. குமட்டலால் சாப்பாடு சுருங்கும்போது முதலில் விட்டுப்போவது புரதம். பலருக்கு அந்த நாட்களில் ரொட்டி, பிஸ்கட் மட்டுமே இறங்கும். நாளைக்கு ஒரு கிலோ எடைக்கு 1.2 கிராம் புரதம் என்று கணக்கு வைக்கலாம், இலக்கு எடையை வைத்து. 70 கிலோ என்றால் 84 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான் என்பதைப் பார்த்தால் இது எவ்வளவு திட்டமிட வேண்டிய வேலை என்று புரியும். சிறுநீரக நோய் இருந்தால் இந்த எண்ணை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வேளையிலும் புரதத்தை முதலில் சாப்பிடுங்கள், வயிறு நிறைந்தால் மிச்சம் போகட்டும். வாரம் இரண்டு மூன்று நாள் எடை தூக்கும் பயிற்சி இல்லாமல் புரதம் மட்டும் தசையைக் காப்பாற்றாது.

மூன்று நாலு மாதம் கழித்து முடி கொட்டினால் அது பெரும்பாலும் வேகமான எடைக்குறைவின் விளைவு. பல மாதங்களில் திரும்ப வளரும். இரும்புச்சத்தையும் தைராய்டையும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது நல்லது.

மருந்து உடம்பில் தங்கியிருக்கும் காலம்

கடைசி ஊசிக்குப் பிறகு செமாகுளுடைடு ஒரு வாரத்தில் பாதி, இரண்டு வாரத்தில் கால், ஐந்து வாரத்தில் முப்பத்திரண்டில் ஒரு பங்காகிறது. கர்ப்பம் தரிக்கத் திட்டமிடுபவர்கள் குறைந்தது 2 மாதம் முன்பே செமாகுளுடைடை நிறுத்த வேண்டும். டிர்செபடைடு போடும் பெண்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: அது கருத்தடை மாத்திரை உடம்பில் சேர்வதைக் குறைக்கும். தொடங்கிய பிறகு 4 வாரமும், ஒவ்வொரு முறை டோஸ் ஏற்றிய பிறகு 4 வாரமும் ஆணுறை போன்ற வேறு முறையும் சேர வேண்டும்.

அறுவை சிகிச்சையோ மயக்கம் கொடுத்துச் செய்யும் எண்டோஸ்கோப்பியோ இருந்தால், கடைசியாக எப்போது, எவ்வளவு போட்டீர்கள் என்று மயக்க மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். வழக்கமான பட்டினி நேரம் இந்த வயிற்றுக்குப் போதாமல் போகலாம்; உள்ளே மிச்சமிருக்கும் சாப்பாடு மயக்கத்தில் மேலேறி நுரையீரலுக்குள் போனால் ஆபத்து. டோஸ் ஏறிக்கொண்டிருக்கும் வாரங்களிலும் குமட்டல் இருக்கும்போதும் இந்த ஆபத்து கூடுதல். சிலருக்கு ஊசியை முன்கூட்டி நிறுத்தச் சொல்வார்கள், சிலருக்கு முந்தின 24 மணி நேரம் திரவ உணவு மட்டும் போதும் என்பார்கள். அதை முந்தின நாள் இரவில் கேட்காமல் தேதி குறிக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.